எழுதாமல் விட்ட பத்து நிமிடம்

இரவு எட்டு நாற்பதுக்குத் தபால் வருகிறது. எட்டு ஐம்பதுக்கு மருத்துவர் விடைபெற்றுக் கிளம்புகிறார். இரண்டுக்கும் நடுவே, அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்த நண்பர் பின்கழுத்தில் கத்தி இறங்கிச் செத்துப்போகிறார். நமக்குக் கதை சொல்பவர் அந்த மருத்துவர். கத்தியை இறக்கியவரும் அவரே. ஆனால் கதைசொல்லியாக அவர் நம்மிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

1926இல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலைப் படிக்காதவர்களுக்கு முடிவைப் போட்டு உடைத்துவிட்டேன். வருத்தம் தெரிவிப்பதாக இல்லை. நூறு வயதான புத்தகத்துக்கு ரகசியம் காப்பது கொஞ்சம் அதிகம். தவிர, இதன் ருசி கொலையாளி யாரென்று தெரிந்த பிறகுதான் தொடங்குகிறது. முதல் தடவை படிக்கும்போது கடைசி அத்தியாயங்களில் ஓர் அதிர்ச்சி கிடைக்கும், அவ்வளவுதான். மறுபடி படிக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் நின்று நின்று போகவேண்டியிருக்கும்.

வில்லனின் வாயால் கதை சொல்லப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு சபலம் உண்டு. தங்கள் வில்லன் புத்திசாலி என்பதை ஊருக்கெல்லாம் அறிவித்தாகவேண்டும். அவன் சதுரங்கம் ஆடுவான். உயர்ந்த சங்கீதம் கேட்பான். எதிராளியைக் கட்டிப்போட்டுவிட்டுத் தன் திட்டத்தை நான்கு பக்கத்துக்கு விளக்குவான். நம் சினிமாவில் சுழல்நாற்காலியும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு செய்தும் அவன் புத்திசாலி என்று வாசகருக்குத் தோன்றாது, எழுத்தாளர் அப்படிச் சொல்கிறார் என்று மட்டும் தோன்றும்.

டாக்டர் ஜேம்ஸ் ஷெப்பர்ட் இதில் எதுவும் செய்வதில்லை. கிங்ஸ் அபாட் என்ற கற்பனை ஆங்கிலக் கிராமத்தில் வைத்தியம் பார்க்கிறார். கல்யாணமாகாதவர். தன்னைவிட எட்டு வயது மூத்த அக்கா கரோலினோடு குடியிருக்கிறார். அவருடைய வம்புப் பேச்சுக்கு நடுவே காலை உணவை முடிப்பதுதான் அன்றாடப் போராட்டம். ஓய்வு நேரத்தில் சிறு பட்டறையில் எந்திரங்களைக் கழற்றி மாட்டுவார். எழுத்தில் வறண்ட நகைச்சுவை உண்டு, யாரையும் அதிகம் காயப்படுத்தாத கேலி உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸுக்குத் துணையாக வந்த வாட்சனும் மருத்துவர்தான். அந்த நாற்காலியில் இன்னொரு மருத்துவர் வந்து உட்கார்ந்ததும் ஆங்கில வாசகர்கள் பழக்கத்தால் நம்பிவிட்டார்கள். கிறிஸ்டி துப்பறிவாளர் புவாரோவின் வழக்கமான துணையான ஹேஸ்டிங்ஸை அர்ஜென்டினாவுக்கு அனுப்பி, நாற்காலியை முன்கூட்டியே காலி செய்து வைத்திருந்தார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமதி ஃபெரர்ஸ் என்ற பணக்கார விதவை வெரோனால் தூக்கமருந்தை அளவுக்கு மீறிச் சாப்பிட்டு இறக்கிறார். குடிகாரக் கணவனை ஓராண்டுக்கு முன் அவரே விஷம் வைத்துக் கொன்றிருந்தார். அதைக் கண்டுகொண்ட ஒருவர் அவரை மிரட்டிப் பணம் கறந்துகொண்டிருந்தார். சாவதற்கு முன் மிரட்டியவரின் பெயரை எழுதி, தன்னை மணக்கவிருந்த ரோஜர் அக்ராய்டுக்குத் தபாலில் போட்டுவிடுகிறார். அந்தப் பெயர் ஷெப்பர்ட். கணவனின் மரணத்துக்குச் சான்றிதழ் கொடுத்த மருத்துவருக்குத்தானே அந்த ரகசியம் முதலில் பிடிபட்டிருக்கும்! மற்ற பாத்திரங்கள், அதாவது வளர்ப்பு மகன் ரால்ஃப், தம்பி வழி உறவுகள், வேலைக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள். அவர்களைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை.

முதல் அத்தியாயத்துக்குப் போவோம். திருமதி ஃபெரர்ஸின் பிணத்தைப் பார்த்துவிட்டு ஷெப்பர்ட் வீடு திரும்புகிறார். கூடத்தில் தொப்பியையும் மேல்கோட்டையும் மாட்டுவதில் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துகிறார். மனம் கலங்கியிருந்தது என்று அவரே சொல்கிறார். உள்ளே கரோலின் காத்திருக்கிறார். விஷயத்தைப் பிடுங்காமல் விடமாட்டார். முதல் வாசிப்பில் இது அக்காவுக்குப் பயந்த தம்பியின் வேடிக்கைச் சித்திரம். கலக்கம் ஒரு நோயாளி இறந்ததால் வந்தது என்று நாமே இட்டு நிரப்பிக்கொள்கிறோம். தெரிந்துகொண்டு படித்தால், கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பவர் வேறு ஆள். பணம் கொடுத்துவந்தவள் இரவோடு இரவாகப் போய்விட்டாள். என்ன சொல்லிவிட்டுப் போனாள், யாரிடம் சொன்னாள் என்பது தெரியவில்லை. இந்த நிலையில், ஊரிலேயே கூர்மையான மோப்பமுள்ள மனுஷியின் முன்னால் போய் உட்காரவேண்டும். எழுதப்பட்ட சொற்களில் ஒன்றும் மாறவில்லை. இரண்டு மனிதர்களுக்கும் அதே கோட்டுதான், அதே ஆணிதான்.

அடுத்து வருகிற சிறு உரையாடலை நான் பலருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்தப் பெண் குற்றவுணர்வால் தற்கொலை செய்துகொண்டாள், நிச்சயம் கடிதம் எழுதி வைத்திருப்பாள் என்கிறார் கரோலின். ஷெப்பர்ட் வெடுக்கென்று, கடிதம் எதுவும் இல்லை என்கிறார். கரோலின் உடனே பிடித்துக்கொள்கிறார்: அப்படியென்றால் நீ விசாரித்திருக்கிறாய்! தம்பியும் தன்னைப்போலவே தற்கொலை என்று சந்தேகப்படுவதாக எடுத்துக்கொண்டு திருப்தியடைகிறார். கேள்வி சரியானது, முடிவுதான் தவறிப்போகிறது. மருத்துவர் பிணத்தின் அருகே முதலில் தேடியது கடிதத்தை என்பது முதல் சில பக்கங்களிலேயே வெளிவந்துவிட்டது. வெளிக்கொண்டு வந்தது புகழ்பெற்ற துப்பறிவாளர் அல்ல, வீட்டை விட்டு அசையாத கரோலின்.

இன்னொரு கசிவு பக்கத்து வீட்டுச் சுவரோரம். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் முட்டையைப்போன்ற தலையும் பெரிய மீசையும் கொண்ட அயல்நாட்டுக்காரர். அந்த மீசையைப் பார்த்து, ஓய்வுபெற்ற முடிதிருத்துபவர் என்று ஷெப்பர்ட் முடிவு கட்டுகிறார். அவர்தான் ஹெர்க்யூல் புவாரோ. சுரைக்காயின் சீமைச் சொந்தமான மேரோ என்கிற காயைப் பயிரிட்டு, சலிப்புத் தாங்காமல் ஒன்றைச் சுவருக்கு மேலே வீசியெறிகிறார். அது ஷெப்பர்டின் தோட்டத்தில் வந்து விழுகிறது. மன்னிப்புக் கேட்க வந்தவரோடு பேச்சு வளர்ந்து, தனக்குக் கொஞ்சம் சொத்து வந்ததையும் அதைச் சூதாட்ட முதலீட்டில், மேற்கு ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில், இழந்ததையும் மருத்துவர் அசட்டுச் சிரிப்போடு ஒப்புக்கொள்கிறார். கொலைக்கான பணத்தேவை முழுவதும் இந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. வாசகரோ காய் பறந்து வந்த வேடிக்கையில் மனதை விட்டிருப்பார்.

இனி அந்த இரவு. ஃபெர்ன்லி பார்க் மாளிகையில் ஏழரை மணிக்கு விருந்து. மருத்துவர் கறுப்புப் பையோடு வருகிறார். பிரசவத்துக்கு அழைப்பு வரலாம் என்று காரணமும் சொல்கிறார். பையோடு வரும் மருத்துவரை யார் சந்தேகிப்பார்கள்? காத்திருக்கும் நேரத்தில் வரவேற்பறையில் அபூர்வப் பொருள்கள் வைத்த கண்ணாடி மேசையைச் சுற்றிப் பார்க்கிறார். அதில் ஒரு துனீசியக் கத்தி இருந்தது பின்னால் தெரியவரும். விருந்து முடிந்து அக்ராய்டும் மருத்துவரும் படிப்பறையில் தனியே அமர்கிறார்கள். பட்லர் பார்க்கர் தபாலைக் கொண்டுவருகிறார். நீலநிற உறை. செத்தவளின் கையெழுத்து. அக்ராய்ட் உரக்கப் படிக்கத் தொடங்கி, பெயர் வரும் இடத்துக்கு முன் நிறுத்திவிடுகிறார். தனியாக இருக்கும்போது படித்துக்கொள்கிறேன் என்கிறார்.

இங்கே ஷெப்பர்ட் என்ன செய்கிறார் பாருங்கள். இப்போதே படித்துவிடுங்கள் என்று வற்புறுத்துகிறார். முதல் வாசிப்பில் இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் ஒருவருக்குக் கிடைக்காது. தன் பெயர் இருக்கும் கடிதத்தைப் படி என்று யாராவது கெஞ்சுவார்களா? ஆனால் அக்ராய்ட் பிடிவாதக்காரர். சொல்லச் சொல்ல மறுப்பவர். பழக்கத்தில் நோயாளியின் குணமறிந்த மருத்துவர், வற்புறுத்தினால் படிக்கமாட்டார் என்று கணக்குப் போட்டாரா? அல்லது, படித்துவிட்டால் கொல்ல வேண்டியிருக்காது, எல்லாம் முடிந்துவிடும் என்று மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டதா? கடைசி அத்தியாயத்தில் ஷெப்பர்ட் இந்தக் கேள்வியைத் தானே எழுப்பிக்கொள்கிறார். பதில் அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. எந்த நேரத்துக்கு எந்த எந்திரம் ஓடவேண்டும் என்று திட்டம் போட்ட மூளைக்குத் தன் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தின் நோக்கம் புரியவில்லை. வில்லனின் பார்வையில் எழுதுவதால் கிடைக்கும் உண்மையான லாபம் இப்படிப்பட்ட இடங்கள்தான். வெளியிலிருந்து பார்க்கும் கதைசொல்லிக்கு இந்தக் குழப்பம் கிடைத்திருக்காது.

பிறகு அந்தப் பத்து நிமிடம். தபால் வந்தபோது மணி இன்னது என்று ஒரு வாக்கியம். தான் கிளம்பியபோது மணி இன்னது, கடிதம் படிக்கப்படாமலே கிடந்தது என்று அடுத்த வாக்கியம். அதன் பிறகு, கதவின் கைப்பிடியில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்து, செய்ய வேண்டியதில் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று யோசித்ததாக எழுதுகிறார். ஒன்றும் விட்டுப்போகவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். நோயாளியின் வீட்டிலிருந்து கிளம்பும் எந்த மருத்துவரும் இப்படி நின்று யோசிப்பார். பிணத்தை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டுக் கிளம்பும் கொலைகாரனும் அப்படித்தான் யோசிப்பான். பழைய பட்டுப் புடவையில் கிழிசலை ரஃபு செய்கிறவர்கள் உண்டு. சுற்றியுள்ள இழையையே எடுத்துப் பின்னுவார்கள், விரலால் தடவினாலும் தட்டுப்படாது. ஷெப்பர்ட் பத்து நிமிடக் கிழிசலை மணிக்கணக்கைக் கொண்டே பின்னிவிடுகிறார். நேரத்தைத் துல்லியமாகச் சொல்பவர் நேர்மையானவர் என்ற நம் எண்ணம்தான் அவருக்கு இழை.

இந்த வாக்கியங்களின் நயத்தை முதலில் பாராட்டியவர் விமர்சகர் எவரும் இல்லை. ஷெப்பர்டேதான்! சாகப்போகும் இரவில் எழுதும் கடைசி அத்தியாயத்தில் அந்தப் பகுதியை எடுத்துவைத்துக்கொண்டு, எழுத்தாளனாகத் தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறார். எல்லாம் உண்மை, ஆனால் முதல் வாக்கியத்தை அடுத்து ஒரு வரிசை நட்சத்திரக் குறிகளைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், நடுவில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டிருப்பார்களே என்று ரசிக்கிறார். கொலையைச் செய்ததில் அவருக்குப் பெருமை இருந்ததா என்று சொல்வது கடினம். அதை எழுதாமல் விட்டதில் பெருமை இருந்தது.

கொலை தெரியவந்து கதவை உடைத்து உள்ளே போகும் காட்சியிலும் இதே கைவண்ணம். போலீசுக்குத் தகவல் சொல்லப் பார்க்கரை அனுப்பிவிட்டு, செய்யவேண்டியிருந்த சிறு வேலையைச் செய்தேன் என்ற பொருள்படும் ஒற்றை வரியோடு கடந்துவிடுகிறார். மருத்துவர் பிணத்தின் நாடியைப் பார்த்திருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் செய்த சிறு வேலை வேறு. அக்ராய்டின் குரல் பதிந்த டிக்டாஃபோனைக் கறுப்புப் பைக்குள் போட்டார். அதை மறைப்பதற்காக இழுத்துப் போட்டிருந்த பெரிய நாற்காலியைச் சுவரோரம் தள்ளினார். அந்தக் கருவியைப் பழுதுபார்த்துத் தருவதாக அவர் முன்பே வாங்கியிருந்தார். பட்டறைக் கைவேலையால் குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி செய்துவைத்தார். ஒன்பதரை மணிக்குக் காரியதரிசி ரேமண்ட் கதவுக்கு வெளியே அக்ராய்டின் குரலைக் கேட்டார். அந்த மணிக்கு ஷெப்பர்ட் தன் வீட்டில் கரோலினுக்கு எதிரில் இருந்தார்.

நாற்காலி இடம் மாறியதைக் கவனித்தவர் பார்க்கர். பட்லர்களின் கண் அப்படி. எல்லாப் பொருளும் எங்கே இருக்கவேண்டும் என்பதுதானே அவர்களின் உத்தியோகம்! புவாரோ அந்த நாற்காலியை விடாமல் பிடித்துக்கொள்கிறார். இன்னொரு கணக்கும் இடிக்கிறது. எட்டு ஐம்பதுக்குக் கிளம்பியவர் வாயிற்கதவைத் தாண்டும்போது மணி ஒன்பது. ஐந்து நிமிட நடைக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கிறது. ஒன்பது மணியடித்ததைப் பதிவு செய்தவரும் ஷெப்பர்டே. நேரம் தவறாமை அவருக்கு மறைவிடம் கொடுத்தது, காட்டியும் கொடுத்தது. மிச்ச ஐந்து நிமிடத்தில் அவர் ரால்ஃபின் காலணிகளை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் தடம் பதித்திருக்கிறார்.

ஆனாலும் என்னைப் பொறுத்தவரை ஷெப்பர்டை மாட்டிவைப்பது நாற்காலியோ தடமோ இல்லை, அவர் எழுதிய பிரதி. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இருபது அத்தியாயங்கள் எழுதி முடித்திருக்கிறார். புவாரோ தோற்றுப்போன வழக்குகளில் ஒன்று என்று பின்னாளில் வெளியிடும் எண்ணம். விஷயம் தெரியவந்ததும் புவாரோ அதைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார். மருத்துவர் வெளியே நோயாளியைப் பார்க்கப் போய்விட்டு இரவு திரும்பினால், சாப்பாட்டை முடித்துக்கொண்டு புவாரோ பட்டறையில் உட்கார்ந்து மிச்சத்தைப் படிக்கப் போயிருப்பதாகக் கரோலின் சொல்கிறார். கொலைக்கான எந்திரம் உருவான அதே அறையில், கொலையாளி எழுதிய பிரதியைத் துப்பறிவாளர் படிக்கிறார். கிறிஸ்டி இதை அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. கரோலின் வாயிலாகப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

படித்துமுடித்த புவாரோ கொடுக்கும் மதிப்புரை ஒரு சிறு இலக்கிய விமர்சனம். ஹேஸ்டிங்ஸ் எழுதினால் பக்கமெல்லாம் ‘நான்’ என்று நிறைந்திருக்கும். நீங்களோ உங்களைப் பின்னால் நிறுத்திக்கொண்டீர்கள், வீட்டுக் காட்சிகளில் மட்டும் ஓரிரு தடவை தலை காட்டுகிறீர்கள், உங்கள் அடக்கத்தைப் பாராட்டுகிறேன் என்கிறார். மேலே பார்த்தால் புகழ்ச்சி. உள்ளே இருப்பது குற்றச்சாட்டு. சம்பவ இடத்தில் இருந்த ஒருவர் இத்தனை பக்கத்துக்குத் தன் எண்ணத்தைச் சொல்லாமல் இருக்கிறார் என்றால் எதையோ அடக்கிக்கொண்டிருக்கிறார். புவாரோ தடயம் தேடுபவராக இல்லாமல் தேர்ந்த வாசகராக நடந்துகொள்வது இந்த ஓரிடத்தில்தான். அவரது வழக்கமான சாகசங்களில் இல்லாத ஒரு நிறைவு எனக்கு இதில் கிடைக்கிறது.

சொல்லாமல் உணர்த்துவதை உயர்ந்த கலையாகக் கொண்டாடிய மரபு நம்முடையது. அகப்பாட்டின் உள்ளுறையில் கவிஞர் வெளிப்படையாகச் சொல்லாதது கேட்பவர் மனத்தில் விரிந்துகொள்ளும். ஷெப்பர்டும் அந்தக் கலையில் தேர்ந்தவர்தான், திசை மட்டும் எதிர்த்திசை. அவர் சொல்லாமல் விட்டது யார் மனத்திலும் விரியக்கூடாது. அங்கே ஓர் இடைவெளி இருப்பதே யாருக்கும் தட்டுப்படக்கூடாது. மிரட்டிப் பணம் பறிப்பவனின் தொழிலும் இதுதானே? தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்குக் கூலி வாங்குபவன் அவன். நோயாளிகளின் ரகசியத்தைக் காக்கும் மருத்துவரின் ஒழுக்கமும் அதுவே. வைத்தியம், மிரட்டல், கொலை, எழுத்து, நான்கிலும் அவர் பயன்படுத்தியது ஒரே திறமையை. கிறிஸ்டி இந்த மனிதருக்கு இந்த உத்தியோகத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இவ்வளவு வாய்கட்டிய மனிதர் ஒரே ஓர் இரவு நிதானம் இழக்கிறார். கரோலின் வீட்டில் நண்பர்களைக் கூட்டிவைத்து மாஜாங் ஆடுகிறார். 1920களின் இங்கிலாந்தில் இந்தச் சீன ஆட்டம் பெரிய மோகமாக இருந்தது. மேசையில் காய்கள் நகர நகர வம்பும் நகர்கிறது. அந்த அத்தியாயமே முழுநீள நகைச்சுவை. ஷெப்பர்டுக்குக் கையில் வந்த காய்களிலேயே ஆட்டம் முடிந்துவிடும் அபூர்வமான வெற்றி கிடைக்கிறது. தலை கிறுகிறுத்துப் போகிறது. சுவாரஸ்யமாக எதுவும் சொல்லத் தெரியாதவன் என்று கரோலின் சீண்ட, புவாரோ தன்னிடம் காட்டிய தங்க மோதிரத்தைப் பற்றியும் அதில் பொறித்திருந்த எழுத்தைப் பற்றியும் சபையில் உளறிக்கொட்டிவிடுகிறார். அடுத்த நாள் அவருக்கே வெட்கம். வழக்கின் போக்குக்கு இந்த உளறல் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. ஆனால் வெற்றி கைக்கு வந்தால் இந்த மனிதரால் அடக்கிக்கொள்ள முடியாது என்பதைக் கிறிஸ்டி நமக்குக் காட்டிவிட்டார். கொலையை மறைத்துவிட்டோம் என்று நினைத்தவர் ஏன் இருபது அத்தியாயம் எழுதினார் என்பதற்கான விளக்கம் மாஜாங் மேசையில் இருக்கிறது.

மாஜாங்குக்கு அடுத்த அத்தியாயத்தில் நாவலிலேயே குளிர்ச்சியான காட்சி. வீட்டு அறையில் மூன்று பேர். தம்பி பலவீனமானவன், நான் வளர்த்ததால் பிழைத்தான், இல்லாவிட்டால் என்னவெல்லாம் செய்திருப்பானோ என்று கரோலின் வாடிக்கையாகச் சொல்வதைப்போலச் சொல்கிறார். அக்காக்கள் எல்லாரும் சொல்வதுதான். புவாரோ அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு சாதாரண மனிதனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று தொடங்குகிறார். கொலை எண்ணமே இல்லாதவன், உள்ளே எங்கோ ஒரு பலவீனத்தின் இழை, தற்செயலாக ஒரு ரகசியம் கையில் கிடைக்கிறது, பணம் வருகிறது, ஆசை வளர்கிறது, ஒரு நாள் மாட்டிக்கொள்ளும் நிலை வருகிறது. அவன் முன்பு இருந்த மனிதன் இல்லை இப்போது. ஷெப்பர்ட் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், பிறகு வீட்டுக்குள் தன் மேசையில் உட்கார்ந்து சொல் சொல்லாக எழுதியும் வைக்கிறார். அந்தப் பேச்சின் இரக்கமற்ற தெளிவு எங்கள் இருவரையும் பயமுறுத்தியது என்று ஒரு குறிப்பு மட்டும். இருவரையும்! தன் பயத்தை அக்காவின் பயத்தோடு சேர்த்து எழுதிவிட்டால் அது கேட்பவர் எவருக்கும் வரும் பயமாகிவிடுகிறது.

நாவல் வந்தபோது இது மோசடி என்று ஒரு கூட்டம் சத்தம் போட்டது. 1929இல் ரோனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். யாருடைய எண்ணங்களை வாசகர் பின்தொடர அனுமதிக்கப்பட்டாரோ அவர் குற்றவாளியாக இருக்கக்கூடாது என்பது அதில் வருகிறது. கதைசொல்லியே கொலையாளி என்ற யுக்தி கிறிஸ்டிக்கு முன்பும் உண்டு. செக்காவ் இளம்வயதில் எழுதிய ‘வேட்டைச் சம்பவம்’ என்ற நாவலில் இருக்கிறது, நார்வேயின் ஸ்டைன் ரிவர்டன் 1909இல் எழுதிய ஒன்றிலும் இருக்கிறது. கிறிஸ்டிக்கு இந்த யோசனையைத் தந்தவர்களில் ஒருவர் அவருடைய அக்காவின் கணவர். இன்னொருவர், பின்னாளில் டெல்லியில் வைஸ்ராயாக வந்து உட்கார்ந்த அதே மவுண்ட்பேட்டன். இந்தியாவைப் பிரிக்கும் வேலை கிடைப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் துப்பறியும் கதைக்குக் கரு அனுப்பும் அவகாசம் இருந்திருக்கிறது. மோசடிக் குற்றச்சாட்டுக்குக் கிறிஸ்டி தன் சுயசரிதையில் பதில் சொல்கிறார்: கவனமாகப் படித்தால் ஏமாற்று இல்லை, தவிர்க்க முடியாத நேர இடைவெளிகள் இருபொருள்படும் வாக்கியங்களுக்குள் இருக்கின்றன என்று. நாவலின் கடைசிக்கு முந்தைய இரண்டு அத்தியாயங்களின் தலைப்புகளைச் சேர்த்துப் படித்தால் நீதிமன்றச் சத்தியப்பிரமாணம் வருகிறது. முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை. ஷெப்பர்ட் அந்தச் சத்தியத்தின் பின்பாதியைக் கடைசிவரை காப்பாற்றினார்.

குறைகள் இல்லாத நாவல் என்று சொல்லமாட்டேன். குறித்த நேரத்தில் ஓடும் டிக்டாஃபோன், ரயில் நிலையத்திலிருந்து ஷெப்பர்டுக்கு வரும் தொலைபேசி அழைப்புக்கான ஏற்பாடு எல்லாம் கொஞ்சம் கடகடவென்று சத்தம் போடும் எந்திரங்கள். ரால்ஃபின் ரகசியத் திருமணக் கதையில் உயிரில்லை. குதிரையேறி வரும் தற்செயல்கள் அதிகம். ஆனால் இவையெல்லாம் ஷெப்பர்டின் குரலைத் தொடுவதில்லை. 1928இல் இது ‘அலிபை’ என்ற பெயரில் நாடகமானது. புவாரோவாக சார்லஸ் லாட்டன் நடித்தார். மேடையில் கதைசொல்லிக்கு இடமில்லை. குரலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்த எந்திரச் சத்தம்தான். அது போதாதென்று கரோலினையும் எடுத்துவிட்டு ஓர் இளம்பெண்ணை நுழைத்தார்கள். கிறிஸ்டிக்கு அதில் வருத்தம் தீரவே இல்லை. கரோலினை எழுதியபோது கிடைத்த சந்தோஷத்திலிருந்துதான் தன் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிள் பிறந்திருக்கவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

கடைசி அத்தியாயத்தில் ஷெப்பர்ட் வருந்துகிறாரா என்று தேடிப் பார்த்தால், பெரிதாக எதுவும் அகப்படாது. திட்டத்தில் எங்கே சறுக்கியது, பார்க்கர் எப்படி நாற்காலியைக் கவனித்தான் என்றுதான் யோசிக்கிறார். கோபம் வருவதும் புவாரோ ஓய்வுபெற்றுக் காய் பயிரிட இந்த ஊருக்கு வந்து தொலைத்ததன் மேல்தான். புவாரோ அவருக்கு ஓர் இரவு அவகாசம் தந்திருக்கிறார். காலையில் உண்மை போலீசுக்குப் போகும், அதற்குள் அவரே முடித்துக்கொண்டால் கரோலினுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. முதல் உலகப் போரின்போது டார்க்கி மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை செய்த கிறிஸ்டிக்கு மருந்துகளின் அளவும் வீரியமும் அத்துப்படி. ஷெப்பர்ட் தேர்ந்தெடுப்பது வெரோனால். திருமதி ஃபெரர்ஸ் சாப்பிட்ட அதே மருந்து. அதில் ஒருவகைக் காவிய நீதி இருப்பதாக அவரே குறித்துக்கொள்கிறார், சாகும் நேரத்திலும் அமைப்பின் அழகு அவர் கண்ணில் படுகிறது.

படாதது ஒன்று உண்டு. ஒரு பெண் வெரோனாலை அளவுக்கு மீறிச் சாப்பிட்டாள் என்றதும், காலை உணவு முடிவதற்குள், இது குற்றவுணர்வால் செய்துகொண்ட தற்கொலை, பின்னால் ஒரு கொலை இருக்கிறது என்று சொன்னவர் கரோலின். அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. இப்போது அதே வீட்டில், அதே மருந்தால், தம்பியின் சாவு. ஊர் முழுக்க நடமாட ஆளும், எதையும் விடாத மூளையும் இருக்கிற கரோலின் இதைப் பார்த்துவிட்டு வெறுமனே அழுதுவிட்டு உட்கார்ந்திருப்பாரா? புவாரோவும் இன்ஸ்பெக்டரும் சமாளித்துக்கொள்வார்கள் என்று ஷெப்பர்ட் நம்புகிறார். முதல் பக்கத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றபோது இருந்த பயத்தில் கொஞ்சம் இப்போதும் இருந்திருந்தால் வேறு மருந்தையாவது தேர்ந்தெடுத்திருப்பார்.